ஸ்டோரேஜ் ஸ்விட்சை எங்கிருந்து ஆள்வது: அதன் சொந்த வெப் பக்கமா, மையப் போர்ட்டலா, கறுப்புத் திரையா?

சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஃபைபர் சேனல் ஸ்விட்ச் இரண்டு வாங்கக் கொட்டேஷன் கேட்டால் மூன்றாவதாக ஒரு வரியும் சேர்ந்தே வரும்: மேனேஜ்மென்ட் போர்ட்டல், ஆண்டுச் சந்தா, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஸ்ரீபெரும்புதூர் உதிரிபாகத் தொழிற்சாலை, ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் அலுவலகம், நகருக்குள் நடுத்தர அளவு மருத்துவமனை, யார் கேட்டாலும் அதே வரிதான். "இது இல்லாம ஸ்விட்சைப் பார்க்க முடியாதா?" என்று கேட்டால், "முடியும் சார், ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்கு எவ்வளவு எடை என்பதைத்தான் இங்கே நிறுத்துப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நான்கு ஸ்விட்ச் வரை உள்ள இடத்தில் போர்ட்டலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நிலவரம் பார்க்கவும், ஒற்றைப் போர்ட்டைத் தொடவும் ஸ்விட்சுக்குள்ளேயே இருக்கும் வெப் பக்கம் போதும். எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் ஸோன் மாற்றத்தை மட்டும் பிரவுசரில் வைத்துக்கொள்ளாமல், முன்கூட்டியே எழுதி இன்னொருவர் படித்துப் பார்த்த கமாண்டாகக் கறுப்புத் திரையில் செய்யுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. "நேத்து ராத்திரி 11 மணிக்கு டேட்டாபேஸ் ஏன் திணறிச்சு?" என்ற கேள்வி அடிக்கடி வரும் இடமாக இருந்தால், இரண்டே ஸ்விட்ச் இருந்தாலும் போர்ட்டலைப் பற்றி யோசிக்கலாம். ஸ்விட்சின் வெப் பக்கம் இப்போது நடப்பதை நன்றாகக் காட்டும். நேற்று நடந்ததைக் கேட்டால் கையை விரிக்கும்.

முதலில் உங்கள் ஸ்விட்ச் எந்தத் தலைமுறை என்று பாருங்கள்

சந்தையில் பெயர்கள் பல, உள்ளே குடும்பங்கள் இரண்டு. ஹெச்பிஇ-யின் எஸ்என்3600பி, ஐபிஎம்மின் சான்24பி-6, லெனோவோவின் டிபி610எஸ் மூன்றும் புரோகேட் ஜி610 பெட்டிதான். புரோகேடை 2017 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. இன்னொரு குடும்பம் சிஸ்கோ எம்டிஎஸ். ஸ்டிக்கர் எதுவானாலும் உள்ளே இருக்கும் வெப் பக்கமும் கமாண்டும் மாறாது. ஃபர்ம்வேரை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிய நிறுவனத்தின் சப்போர்ட் தளத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்; சப்போர்ட் ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

புரோகேடில் பிரவுசர் வழி உங்களுக்குத் திறக்குமா என்பதைத் தலைமுறைதான் முடிவு செய்கிறது. 8ஜி (விநாடிக்கு 8 கிகாபிட்) காலத்து 300, 5100, 5300 மாடல்கள், புரோகேடின் இயங்குதளமான ஃபேப்ரிக் ஓஎஸ் 7.4-உடன் நின்றுவிட்டன. 16ஜி வரிசையின் 6505, 6510, 6520 மாடல்களுக்கு 8.2 தான் கடைசி. 32ஜி வரிசையும் (ஜி610, ஜி620, ஜி630) 64ஜி வரிசையும் (ஜி720, ஜி730) மட்டுமே 9-க்குப் போகும். வெப் டூல்ஸ் எனப்படும் அந்தப் பக்கம் ஹெச்டிஎம்எல்5-க்கு மாறியது 9.0-இல்தான். அதற்கு முன்னால் அத்தனையும் ஜாவா.

ஜாவா என்பதால் வரும் தொல்லை ஒன்றிரண்டல்ல. குரோம் 45, 2015 செப்டம்பரிலேயே பழைய பிளக்-இன் வசதியை எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 52, 2017 மார்ச்சில் எடுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ஜாவா 8 அப்டேட் 131, எம்டி5 கையொப்பமிட்ட ஜார் கோப்புகளைக் கையொப்பமே இல்லாதவையாக நடத்தத் தொடங்கியது. 2018 செப்டம்பரின் ஜாவா 11-இல் வெப் ஸ்டார்ட்டே இல்லை. 2020-இல் பிரவுசர்கள் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் கைவிட்டன. 2022 ஜூன் 15-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் ஓய்வு பெற்றது. ஆக, ஒரு 6510-இன் ஐபியைப் புது லேப்டாப்பில் தட்டினால் ஒன்றும் வராது. வந்தாலும் ஒரு கோப்பு டவுன்லோடாகி அப்படியே கிடக்கும். ஸ்விட்ச் பழுது என்று நினைத்து ரீபூட் செய்ய ஓடாதீர்கள். மேனேஜ்மென்ட் பக்கம் திறக்கவில்லை என்பதற்கும் டேட்டா ஓடுகிறதா என்பதற்கும் தொடர்பே இல்லை. உள்ளே ஐஓ சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் கொடுக்கும் ரீபூட்தான் அதை நிறுத்தும். சிறிய புரோகேட் பெட்டிகளில் வெறும் ரீபூட் கமாண்ட் டேட்டாவையும் சேர்த்து நிறுத்திவிடும். கட்டுப்பாட்டுப் பகுதியை மட்டும் புதுப்பிக்க ஹெச்ஏரீபூட் என்று தனிக் கமாண்ட் இருக்கிறது.

பழைய பெட்டியை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் இரண்டு வழி. ஜாவா 8 போட்ட ஒரு விண்டோஸ் விஎம், இன்டர்நெட் இல்லாமல், மேனேஜ்மென்ட் விலேனில் (தனியாகப் பிரித்த உள் வலையில்) மட்டும். ஜாவாவின் விதிவிலக்குப் பட்டியலில் ஸ்விட்ச் முகவரியைச் சேர்த்து, வேலை செய்யும் நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட். அல்லது வெப் பக்கத்தை மறந்துவிட்டு எஸ்எஸ்ஹெச், அதாவது பாதுகாப்பான கமாண்ட் இணைப்பு. எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் மிகப் பழைய ஃபர்ம்வேரில் எஸ்எஸ்ஹெச்சும் முரண்டு பிடிக்கும்: 2021-இன் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 முதல், ஷா-1 கையொப்பம் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு ஸ்விட்சுக்கு மட்டும் கிளையன்ட் கான்ஃபிக் கோப்பில் திறந்துவிட வேண்டும்; எல்லாவற்றுக்கும் பொதுவாகத் திறக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 24 துளை இருந்தால் 24 போர்ட் என்று அர்த்தமில்லை. ஜி610 அடிப்படையில் 8 போர்ட்டுக்குத்தான் லைசென்ஸோடு வரும். பிறகு எட்டெட்டாகச் சேர்க்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத போர்ட்டில் கேபிள் குத்தினால் விளக்கு எரியாது, போர்ட் நிலைகளைக் காட்டும் ஸ்விட்ச்ஷோ கமாண்டின் வரியில் 'நோ பிஓடி லைசென்ஸ்' என்று வரும். கேபிளை நான்கு தடவை மாற்றிப் பார்த்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது வழக்கமான சோகம்.

சொந்த வெப் பக்கம் எதில் கெட்டி

போர்ட் வேலையில். சர்வர் டீம் "ஒரு பாத் விழுந்துடுச்சு" என்கிறது, போர்ட் 14. பக்கத்தைத் திறந்து போர்ட் வரிசைக்குப் போனால் பெயர், நிலை, வேகம், வகை, எதிரே இருப்பதன் அடையாள எண்ணான டபிள்யூடபிள்யூஎன், ஒளியைக் கையாளும் எஸ்எஃப்பி மாட்யூலின் விவரம் எல்லாம் ஒரே திரையில். கமாண்ட் தட்டும் கறுப்புத் திரையில் இதற்கு ஸ்விட்ச்ஷோ, போர்ட்ஷோ, எஸ்எஃப்பிஷோ, போர்ட்எரர்ஷோ என்று நாலு கமாண்ட்.

நிலை 'நோ மாட்யூல்' என்றால் எஸ்எஃப்பி சரியாக உட்காரவில்லை. 'நோ லைட்' என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒளியே வரவில்லை: சர்வர் அணைந்திருக்கலாம், கேபிளின் இரண்டு இழை இடம் மாறியிருக்கலாம், ஒடிந்திருக்கலாம். 'நோ சிங்க்' என்றால் ஒளி வருகிறது, பேச்சு ஒத்துப்போகவில்லை; வேகத்தை ஒரு பக்கம் கட்டிப்போட்டு இன்னொரு பக்கம் ஆட்டோவில் விட்டிருப்பார்கள். வகை ஜி-போர்ட் என்றே நின்றால் இணைப்பு எழுந்துவிட்டது, லாகின் முடியவில்லை. எஃப்-போர்ட் என்று வந்தால்தான் சர்வரோ ஸ்டோரேஜோ முறையாக உள்ளே வந்ததாகக் கணக்கு.

அடுத்து ஒளி அளவு. பெறும் ஒளி மைனஸ் 2, மைனஸ் 3 டிபிஎம் வாக்கில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 9, 10-ஐ நோக்கி இறங்கினால் அழுக்கோ வளைவோ. பக்கத்திலேயே அந்த எஸ்எஃப்பி தன் எச்சரிக்கை எல்லையைச் சொல்லும், அதோடு ஒப்பிடுங்கள். சரிசெய்யும் வரிசை முக்கியம்: முதலில் பேனா வடிவக் கிளீனரால் இரு முனையையும் துடைத்து மறுபடி குத்துங்கள், பிறகு கேபிளை மாற்றுங்கள், கடைசியில்தான் எஸ்எஃப்பி. நேராக எஸ்எஃப்பியை மாற்றுகிறவர்கள், அழுக்குக் கேபிளைப் புது எஸ்எஃப்பியில் குத்தி அதையும் அழுக்காக்குகிறார்கள்.

பிழை எண்ணிக்கையில் ஒரு வலை இருக்கிறது. சிஆர்சி (சிதைந்து வந்த டேட்டாத் துண்டுகள், அதாவது ஃபிரேம்கள்) 40,000 என்று சிவப்பாகத் தெரிந்ததும் பதறாதீர்கள். அது கடைசியாகக் கவுன்டரை அழித்த நாளிலிருந்து சேர்ந்த கூட்டுத்தொகை. போன வருடம் யாரோ கேபிளைப் பிடுங்கிக் குத்தியதும் அதில் இருக்கும். கவுன்டரை அழியுங்கள், ஒரு மணி நேரம் விடுங்கள், பிறகு ஏறுகிறதா என்று பாருங்கள். சிஆர்சியில் இரண்டு பத்தி இருக்கும்; 'குட் இஓஎஃப்' (ஃபிரேமின் முடிவுக் குறி சரியாக) உள்ள சிஆர்சி ஏறினால்தான் கோளாறு இந்த இணைப்பிலேயே பிறந்தது. அது ஏறாமல் வெறும் சிஆர்சி மட்டும் ஏறினால் வேறெங்கோ கெட்ட ஃபிரேம் இந்த வழியாகப் போகிறது. 8ஜி காலத்துப் பழக்கத்தில் என்க்-அவுட் பத்தியையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 16ஜியிலிருந்து குறியாக்கம் 64பி/66பி ஆகிவிட்டதால் இப்போது பார்க்க வேண்டியது பிசிஎஸ் பிழையும் திருத்த முடியாத பிழையும்தான். டிஸ்கார்டு சி3 (ஸ்விட்ச் தூக்கி எறிந்த ஃபிரேம்) ஏறினால் கேபிளைத் தொடவே வேண்டாம். எதிரே இருக்கும் சாதனம் ஃபிரேமை வாங்கிக்கொள்ளத் தாமதிக்கிறது. கூடவே கிரெடிட் பூஜ்ய நேரமும் (அனுப்ப அனுமதி கிடைக்காமல் காத்திருந்த நேரம்) ஏறுகிறதா பாருங்கள். அந்தக் கவுன்டரின் ஒவ்வோர் எண்ணும் 2.5 மைக்ரோ விநாடி, அதனால் லட்சக்கணக்கில் தெரிந்தாலும் விநாடியாக மாற்றிப் பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

சென்னையின் பழைய கட்டடங்களில் அடிக்கடி வரும் ஒன்று: 8ஜி நாட்களில் மூன்றாம் மாடி சர்வர் அறையிலிருந்து தரைத்தளம் வரை போட்ட ஓஎம்3 வகை ஃபைபர் கேபிள். அன்று 150 மீட்டர் வரை தாங்கியது. ஸ்விட்சை 16ஜிக்கு மாற்றினால் அதே கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு, 32ஜிக்கு 70 மீட்டர்தான். ஓஎம்4 என்றால் 32ஜியில் 100 மீட்டர். புது ஸ்விட்ச் வந்த வாரத்திலிருந்து சிஆர்சி ஏறினால் ஸ்விட்சைத் திட்டுவதற்கு முன் கேபிள் நீளத்தை அளந்து பாருங்கள். அவசரத்துக்கு அந்தப் போர்ட் வேகத்தை 16ஜிக்குக் கட்டலாம். அது பிரவுசரில் இரண்டு கிளிக்.

அதே பக்கம் எங்கே காலை வாரும்

ஃபேப்ரிக் ஏ, ஃபேப்ரிக் பி என்று இரண்டு தனி வலை, ஒவ்வொரு சர்வரும் இரண்டிலும் இணைந்திருக்கும்; பிரவுசரில் இரண்டு டேப். இரண்டும் ஒரே நிறம், ஒரே அமைப்பு, டேபின் தலைப்பில் பெயரின் முதல் சில எழுத்து மட்டும் தெரியும். ஏ-யில் பராமரிப்பு நடக்கும்போது பி-யின் டேபில் போர்ட்டை அணைத்தால் சர்வருக்கு இரண்டு பாதையும் போச்சு. எஸ்எஸ்ஹெச்சில் ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஸ்விட்ச் பெயர் நிற்கும், பிரவுசரில் அந்தக் காவல் இல்லை. செலவில்லாத மருந்து: பிரவுசரில் இரண்டு புரொஃபைல் உருவாக்கி, ஏ-க்கு நீல நிறத் தீம், பி-க்கு சிவப்பு. ஸ்விட்ச் பெயரில் ஏ, பி என்ற எழுத்தை முன்னால் வையுங்கள், கடைசியில் வைத்தால் டேபில் தெரியாது. ஒரு ஃபேப்ரிக்கில் வேலை முடிந்ததும் சர்வரின் மல்ட்டிபாத் மென்பொருளில் எல்லாப் பாதையும் உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

அட்டவணையை நிலை வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு அணைப்பதும் ஆபத்து. ஒரு போர்ட்டின் நிலை மாறினால் வரிசையும் மாறும், உங்கள் விரல் பக்கத்து வரியில் இறங்கும். எதையும் மாற்றும் முன் போர்ட் எண் வாரியாக அடுக்குங்கள்.

அணைப்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது. சாதாரணமாக அணைத்தது ஸ்விட்ச் ரீபூட் ஆனதும் தானே எழுந்துவிடும். நிரந்தரமாக அணைத்தது, நீங்கள் நிரந்தரமாக எழுப்பும்வரை எழாது. கோளாறான எச்பிஏவை (சர்வரின் ஃபைபர் சேனல் அட்டையை) நிறுத்த முதல் வகையைப் பயன்படுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து ஃபர்ம்வேர் வேலைக்குப் பிறகு அது மறுபடி வந்து நிற்பதைப் பார்த்து முழிப்பார்கள். யாரோ நிரந்தரமாக அணைத்துவிட்டுப் போன போர்ட்டில் புது சர்வரைக் குத்திவிட்டு முழிப்பதும் நடக்கும்.

ஸோனுக்கு வருவோம், இதில்தான் பிரவுசர்மீது எங்களுக்குச் சந்தேகம். 'சேவ்' என்பது ஸோன் பட்டியலைப் பதிவு மட்டும் செய்யும். 'எனேபிள்' செய்தால்தான் அமலுக்கு வரும். சேவ் மட்டும் அழுத்திவிட்டு, லன் (ஸ்டோரேஜ் ஒதுக்கிய டிஸ்க்) தெரியவில்லை என்று ஸ்டோரேஜ் டீமோடு ஒரு மணி நேரம் சண்டை போடுவது நாடறிந்த காட்சி. இதைவிட மோசம் எதிர்ப்பக்கம்: எனேபிள் செய்யும்போது கீழிறங்கும் பட்டியலில் பழைய கான்ஃபிக் ஒன்றின் பெயர் சிக்கிவிட்டால், அமலில் உள்ளது முழுவதும் அதற்கு மாறிவிடும். பயன்படாத கான்ஃபிக்குகளை அன்றே அழித்துவிடுங்கள், பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருக்கட்டும்.

இருவர் ஒரே நேரத்தில் திறந்தாலும் வம்பு. ஒவ்வொருவர் திரையிலும் தனித்தனி நகல் இருக்கும், ஒருவருடையதுதான் பதிவாகும். கமாண்டில் 'ஒன்றுக்கு மேற்பட்ட டிரான்ஸாக்‌ஷன் திறந்திருக்கிறது' என்று எச்சரிக்கை முகத்தில் அடிப்பதுபோல் வரும்; சிஎஃப்ஜிடிரான்ஸ்ஷோ கொடுத்தால் திறந்து கிடப்பது தெரியும். வேலை தொடங்கும் முன் அதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது பழக்கமாகட்டும். இன்னொன்று: ஸோன் கான்ஃபிக்கை முழுவதும் அணைத்தால் என்ன ஆகும் என்பது டெஃப்ஸோன் அமைப்பைப் பொறுத்தது. ஆல் ஆக்சஸ் என்றிருந்தால் எல்லா சர்வரும் எல்லா ஸ்டோரேஜையும் பார்க்கும். நோ ஆக்சஸ் என்றால் யாரும் எதையும் பார்க்காது. இரண்டுமே விபத்துதான், ஆனால் முதலாவது டேட்டாவைக் கெடுக்கும். நோ ஆக்சஸில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிரவுசருக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டிய மதிப்பெண் ஒன்று உண்டு. டபிள்யூடபிள்யூஎன் என்பது 16 ஹெக்ஸ் இலக்கம். கையால் தட்டினால் தவறும். வெப் பக்கம் ஏற்கெனவே லாகின் ஆனவற்றைப் பட்டியலாகக் காட்டும், தொட்டு எடுக்கலாம். அதிலும் கவனம்: எச்பிஏவுக்கு நோட் எண், போர்ட் எண் என இரண்டு. எமுலெக்ஸில் போர்ட் எண் 10:00 என்றும், கியூலாஜிக்கில் 21:00 என்றும் தொடங்கும். 20:00 என்று தொடங்கினால் பெரும்பாலும் நோட் எண். ஸோனில் போட வேண்டியது போர்ட் எண். எங்கள் ஏற்பாடு இதுதான்: எண்ணைப் பிரவுசரிலிருந்து நகலெடுத்து, கமாண்டை ஒரு கோப்பில் எழுதி, இன்னொருவர் படித்த பிறகு எஸ்எஸ்ஹெச்சில் ஒட்டுவது. அலிகிரியேட், ஸோன்கிரியேட், சிஎஃப்ஜிஆட், சிஎஃப்ஜிசேவ், சிஎஃப்ஜிஎனேபிள். ஒரு சர்வருக்கு ஐந்து வரி. தொடங்கும் முன் கான்ஃபிக்அப்லோட் கமாண்டால் ஸ்விட்ச் அமைப்பின் நகல் ஒன்று எடுத்து வெளியே வையுங்கள். ஒரு ஸோனுக்கு ஒரு சர்வர் போர்ட் என்ற கட்டுப்பாடு எந்த வழியில் செய்தாலும் மாறக் கூடாது.

போர்ட்டல் கேட்கும் விலை

புரோகேடின் பழைய நெட்வொர்க் அட்வைசருக்குப் பதிலாக இப்போது இருப்பது சான்நாவ். பேஸ் பதிப்பு 600 போர்ட் வரை, டைரக்டர் எனப்படும் பெரிய பெட்டிகளைச் சேர்க்காது. என்டர்பிரைஸ் 15,000 போர்ட் வரை. சிறிய நிறுவலுக்கே 16 கோரும் 48 ஜிபி ராமும் கேட்கிறது. 24 போர்ட் ஸ்விட்ச் இரண்டு வைத்திருப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: போர்ட்டுக்கு ஒரு ஜிபி ராம். கோழியைவிட அதன் கூண்டுக்கு விலை அதிகம்.

கொடுத்த காசுக்குக் கிடைப்பது என்ன? பழைய நாட்களின் டிராஃபிக் வரைபடம், எல்லா ஸ்விட்சின் பிழையும் ஒரே பலகையில், நேரம் குறித்த கான்ஃபிக் பேக்கப், பல ஸ்விட்சுக்கு ஃபர்ம்வேர், மெயில் எச்சரிக்கை. இவற்றில் பேக்கப்பை, குறித்த நேரத்தில் தானே ஓடும் லினக்ஸ் கிரான் ஒன்று இலவசமாகச் செய்யும். எச்சரிக்கையை ஸ்விட்சிலேயே இருக்கும் மேப்ஸ் என்ற கண்காணிப்பு வசதி மெயிலாக அனுப்பும். மிச்சமிருப்பது அந்த வரலாறு. பத்து ஸ்விட்ச், இரண்டு இடம், சிறுசேரியில் ஒன்று அம்பத்தூரில் ஒன்று என்றால் வரலாறும் ஒற்றைப் பலகையும் வாங்கத்தக்கவை. மெதுவாக வாங்கும் சாதனம் ஒன்று ஃபேப்ரிக் முழுவதையும் இழுத்துப் பிடிக்கும்போது, எது முதலில் தாமதித்தது என்பதைப் பத்து டேப் திறந்து கண்டுபிடிக்க முடியாது.

வாங்கிவிட்டீர்கள் என்றால் இரண்டு விஷயம். போர்ட்டல் விஎம்மை, இதே ஸ்விட்சுகள் வழியாக எட்டும் ஸ்டோரேஜின் டேட்டாஸ்டோரில் வைக்காதீர்கள். ஃபேப்ரிக் விழுந்தால் அதைக் காட்ட வேண்டிய போர்ட்டலும் சேர்ந்து விழும். லோக்கல் டிஸ்க் உள்ள தனி ஹோஸ்ட்டில் வையுங்கள். அடுத்தது, அது உள்ளே கண்டெய்னர்களாக ஓடுவதால் அதன் உள் ஐபி வரம்பு அலுவலக வரம்போடு மோதுமா என்று நிறுவும் முன்பே நெட்வொர்க் டீமிடம் கேட்டுவிடுங்கள்.

சிஸ்கோ எம்டிஎஸ் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே டிவைஸ் மேனேஜர் நெடுங்காலம் ஜாவா நிரல். மையப் போர்ட்டலான டிசிஎன்எம் 2021-இல் என்டிஎஃப்சி என்று பெயரும் உருவும் மாறி நெக்ஸஸ் டேஷ்போர்டின் மேல் ஏறிக்கொண்டது. சிறிய விஎம் நோடுக்கே 16 விசிபியு, 64 ஜிபி. அதனால் சின்ன எம்டிஎஸ் இடத்தில் கமாண்ட்தான் நடைமுறை. புரோகேடிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இரண்டு. புது போர்ட் விசான் 1-இல் கிடக்கும் (விசான் என்பது ஸ்விட்சுக்குள் பிரித்த தனி வலை), உங்கள் விசானுக்கு நகர்த்தாமல் ஸோன் போட்டால் பேசாது. மாற்றம் எல்லாம் ரன்னிங் கான்ஃபிக்கில்தான் நிற்கும், ஸ்டார்ட்அப்புக்கு நகலெடுக்காவிட்டால் அடுத்த மின்வெட்டோடு போய்விடும். புரோகேடில் பெரும்பாலான மாற்றம் அப்போதே பதிவாகிவிடுவதால் அந்தக் கை இந்தப் பழக்கத்தைக் கற்றிருக்காது.

ஸ்கிரிப்ட் வழி

48 போர்ட்டுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றால் பிரவுசரில் 48 தடவை. எக்செல் ஷீட்டிலிருந்து கமாண்டாக மாற்றினால் ஒரே ஒட்டு. ஃபேப்ரிக் ஓஎஸ் 8.2 முதல், நிரல் வழியாக ஸ்விட்சோடு பேச ரெஸ்ட் ஏபிஐயும் இருக்கிறது, ஆன்சிபிள் மாட்யூல்களும் கிடைக்கின்றன. மாட்டும் இடம் ஒன்றுதான்: ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய ரெஸ்ட் செஷன் இயல்பாக 3. லாகின் செய்து வேலை முடித்து லாகவுட் செய்யாமல் ஸ்கிரிப்ட் செத்தால், மூன்றாவது ஓட்டத்தோடு கதவு மூடிக்கொள்ளும். கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுகிறவர்கள் கால் மணி நேரத்தில் இதைத் தெரிந்துகொள்வார்கள். பிழை வந்தாலும் லாகவுட் நடக்கும்படி எழுதுங்கள். நான்கு ஸ்விட்சுக்குக் குறைவான இடத்தில் இதில் மணிக்கணக்கில் இறங்குவது வீண்.

உள்ளே வரும் வழி

எந்தத் திரையைத் தேர்ந்தாலும் ஸ்விட்சின் மேனேஜ்மென்ட் போர்ட் தனி விலேனில், ஒரு ஜம்ப் சர்வர் வழியாக மட்டும் எட்டும்படி இருக்கட்டும். டெல்நெட்டும் 80-ஆம் போர்ட்டும் மூடப்பட்டு, 443-உம் 22-உம் ஜம்ப் சர்வரின் ஐபிக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். புரோகேடில் இது ஐபிஃபில்டர். புதிதாக எழுதாமல் இருக்கும் பாலிசியைக் குளோன் செய்து திருத்துங்கள். எதிலும் பொருந்தாதது தானாகவே மறுக்கப்படும் என்பதால், எஸ்எஸ்ஹெச் வரியை மறந்து ஆக்டிவேட் செய்தால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி லாக் 180 நாள் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். கடிகாரம் என்ஐசி அல்லது என்பிஎல் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். பிரவுசரில் யார் எந்தப் போர்ட்டை அணைத்தார் என்பது ஸ்விட்சின் ஆடிட் லாகில் இருக்கும், ஆனால் அந்த இடம் சிறியது, சுழன்று அழியும். வெளியே ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். எல்லோரும் அட்மின் என்ற ஒரே கணக்கில் நுழைந்தால் அந்த லாகால் பயனில்லை, ஆளுக்கொரு கணக்கு.

மழைக்காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லை. வேளச்சேரி வீட்டில் ஃபோன் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு விபிஎன்னில் நுழைகிறவருக்குப் போர்ட்டலின் வரைபடம் சுற்றிக்கொண்டே இருக்கும்; எஸ்எஸ்ஹெச் இரண்டு புள்ளி சிக்னலிலும் ஓடும். அக்டோபருக்கு முன் டீமில் உள்ள ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருமுறை எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து ஸ்விட்ச்ஷோ ஓட்டிப் பார்க்கட்டும்.

கன்சோலும் தயாராக இருக்க வேண்டும். புது புரோகேட் பெட்டி 10.77.77.77 என்ற முகவரியோடு வரும். அதை மாற்றக் கன்சோல் உதவும்; ஐபிஃபில்டரில் பூட்டிக்கொண்டால் மீளக் கன்சோல்தான் வழி. பெட்டியோடு வரும் ஆர்ஜே45 சீரியல் அடாப்டரைத் தூக்கிப் போடாதீர்கள். ரிச்சி தெருவில் யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, லேப்டாப்பில் டிரைவர் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இரண்டையும் கவரில் போட்டு ரேக்கின் பின்கதவில் கட்டிவிடுங்கள். கவரின் மேல் மார்க்கரால் எழுத வேண்டியது: 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்.